பச்சைக்காவின் சாப்பாட்டு நேரம்

எங்கள் மருந்துக் கிடங்கில் மத்தியானம் ஒரு மணிக்கு மணி அடித்தால் நூற்றுப்பத்துப் பேரும் ஒரே வாசல் வழியாக இடித்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போவார்கள். ஒருவர் மட்டும் போகமாட்டார். அவரை எல்லோரும் பச்சைக்கா என்று கூப்பிடுவார்கள். தலையில் பச்சைத் தொப்பி, தோளில் பச்சைப் பை, மேசைமேல் பச்சைக் குவளை. அடையாள அட்டை தொங்குகிற நாடாகூடப் பச்சைதான். எதுவும் கடையில் வாங்கியதில்லை. வருடா வருடம் ஒரு கம்பெனி அவருக்கு அனுப்பிவைத்தது.

அந்தக் கம்பெனியின் தொழில் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிடங்கில் இருபத்திரண்டு தானியங்கி வண்டிகள் உண்டு. முழங்கால் உயரம்தான் இருக்கும். அலமாரிக்கு அடியில் நுழைந்து, மருந்துப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, பொட்டலம் கட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் வைக்கும். ரோபோ என்று பார்வையிட வருகிறவர்களிடம் சொல்வோம்; எங்களுக்குள் அது வண்டி. வண்டியின் உடம்பைச் செய்கிறவர்கள் வேறு, அதற்குள் ஓடுகிற இயங்குதளத்தைச் செய்கிறவர்கள் வேறு. எந்தப் பாதையில் போவது, எதிரே ஆள் வந்தால் எங்கே நிற்பது, சார்ஜ் குறைந்தால் எப்போது திரும்புவது என்று தீர்மானிப்பதெல்லாம் இயங்குதளத்தின் வேலை. எங்கள் வண்டிகளில் ஓடியது பச்சை முத்திரைக்காரர்களுடையது. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட வண்டி நின்றதில்லை என்று பதிவேடு சொன்னது. அந்த வண்டிகளுக்குப் பொறுப்பு பச்சைக்கா.

நான் வேலையில் சேர்ந்த ஏழாவது மாதம், போட்டிக் கம்பெனியான நீல முத்திரைக்காரர்கள் தங்கள் இயங்குதளம் ஓடுகிற மூன்று வண்டிகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை எழுதும்படி மேலாளர் என்னிடம் சொன்னார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் சான்றிதழை அப்பா நிலப் பத்திரத்தோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவனிடம் ஒரு பெரிய அறிக்கையை நம்பிக் கொடுத்தால் நெஞ்சு நிமிராமல் என்ன செய்யும்?

பொட்டலம் கட்டுகிற மேசையில் வேலைசெய்யும் பெரிய மீசைக்காரர் அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"காலேஜு, நீ எந்தக் கட்சி? பச்சையா, நீலமா?"

"நான் நடுநிலைண்ணே."

"நடுநிலைன்னு சொல்றவன்தான் ரெண்டு பந்தியிலயும் சாப்பிடுவான்."

நீல வண்டிகள் வந்த முதல் வாரமே ஒன்று நடுப்பாதையில் விக்கித்து நின்றது. "புது மாப்பிள்ளைக்கு மயக்கம் வந்துடுச்சு, யாராவது தண்ணி தெளிங்கப்பா!" என்று மீசைக்காரர் கத்த, கிடங்கே சிரித்தது. பச்சைக்கா அந்தப் பக்கம் வந்தார். தொப்பியை மட்டும் ஒருமுறை சரிசெய்துகொண்டு போனார். நீலத்துக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேண்டியதில்லை.

இரண்டு மாதத்தில் நீலம் பதினொரு தடவை நின்றது. பச்சை பூஜ்யம். அறிக்கை தானாகவே எழுதிக்கொள்ளும் போலிருந்தது.

பச்சைக்காவுக்குத் திமிர் என்று சாப்பாட்டு அறையில் ஒரு பேச்சு உண்டு. "நம்ம கூட உட்கார்ந்தா அவங்க நிறம் மங்கிடும்" என்பார்கள் பெண்கள். ஒரு மணிக்கு எல்லோரும் எழுந்தால் அவர் கணினிக்கு முன்னால் குனிந்துகொள்வார். இரண்டு மணிக்கு எல்லோரும் திரும்பி வந்தபின், காலியான சாப்பாட்டு அறையில், மேசை துடைக்கிற ஈரத்துணிக்கு நடுவே தன் டப்பாவைத் திறப்பார். ஆறு வருடமாக இதுதான் வழக்கம் என்றார்கள்.

முன்பு அவர் இதே கிடங்கில் ஒன்பது வருடம் லேபிள் ஒட்டியவர். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் தனியாக வந்துவிட்டவர். அந்தக் கதையை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வண்டிகள் வந்தபோது, பயிற்சிக்கு ஒரு ஆளை அனுப்பச் சொன்னது பச்சைக் கம்பெனி. அனுப்ப நினைத்த ஆள் பயந்து பின்வாங்க, வரிசையில் பக்கத்தில் நின்ற இவரை அனுப்பினார்கள். வேறு ஊரில் மூன்று வாரம். போகும்போது லேபிள் ஒட்டுகிறவர், வரும்போது சட்டமிட்ட சான்றிதழோடு வந்தார்.

அறிக்கைக்காக வண்டிகளின் உள்பதிவுகளை நான் இறக்கிப் பார்த்தேன். பதிவேட்டில் கையால் எழுதுவது வேறு. வண்டி தனக்குள்ளேயே எழுதிக்கொள்வது வேறு. எப்போது விழித்தேன், எப்போது அணைந்தேன் என்று ஒவ்வொரு வண்டியும் குறித்துவைக்கும். முதல் வண்டி தினமும் ஒன்று பத்துக்கு அணைந்து, எழுந்திருந்தது. இரண்டாவது ஒன்று பன்னிரண்டுக்கு. மூன்றாவது ஒன்று பதினான்குக்கு. இப்படியே இருபத்திரண்டும். நேற்றும் அப்படி, போன மாதமும் அப்படி, ஐந்து வருடத்துக்கு முன்பும் அப்படி. கிடங்கே பூட்டிக்கிடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்றேகால் மணிக்குப் போனேன். காவலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உள்ள பச்சைக்கா இருக்காங்க. செடிக்குத் தண்ணி ஊத்த வருவாங்க."

"எத்தனை செடிண்ணே இருக்கு?"

"ஒண்ணுதான்." அவரே ஒருமுறை யோசித்தார். "ஒரு செடிக்கு ஒரு மணி நேரம் ஊத்துவாங்க. அதுக்கு என்ன தாகமோ."

உள்ளே விளக்குகள் பாதிதான் எரிந்தன. பச்சைக்கா ஏழாவது வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தார். பொத்தானை அழுத்திப் பிடித்து, வாய்க்குள் இருபது வரை எண்ணினார். விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. மறுபடி அழுத்தினார். அது முனகிக்கொண்டே எழுந்தது.

"யாரது?"

"நான்தான்க்கா."

"காலேஜா? ஞாயித்துக்கிழமை உனக்கு இங்க என்ன வேலை?"

"அதையேதான் நானும் உங்களைக் கேக்க வந்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இரு, பாதியில விட்டா வரிசை குழம்பிடும்" என்று எட்டாவது வண்டிக்கு நகர்ந்தார். கடைசி வண்டி எழும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். முழங்காலைத் தட்டிக்கொண்டு அவர் எழுந்து, "வா, டீ குடிக்கலாம்" என்றார்.

அவர் அறை இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரே ஒரு நாற்காலி. நாற்காலியில் மடித்த துணிகள் இருந்ததால் நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சுவரில் அந்தச் சான்றிதழ். அதன் பக்கத்தில், பச்சைக் கம்பெனியின் ஆண்டு மலரிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு பக்கம்: 'ஒருமுறைகூட நிற்காத கிடங்கு.' படத்தில் வண்டிகள் வரிசையாக நிற்க, ஓரத்தில் பாதித் தோளோடு பச்சைக்கா.

"எத்தனை நாளாக்கா?"

"வண்டி வந்து சோதனை ஓட்டம் நடந்தப்பலேர்ந்து. பதிவேடே அதுக்கப்புறம்தான் வந்துச்சு." அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முப்பது மணி நேரத்துக்கு மேல விடாம ஓடுச்சுன்னா அதுக்கு உள்ள ஏதோ நெறைஞ்சு போகுது தம்பி. முதல்ல திருப்பத்துல தயங்கும், தூக்கக் கலக்கத்துல நடக்கற ஆள் மாதிரி. அப்புறம் சுமையோட அப்படியே நின்னுடும். அணைச்சு எழுப்பினா புத்தம் புதுசா ஓடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, போதும்."

"சனிக்கிழமை அணைச்சுட்டுத் திங்கக்கிழமை போட்டா ஆகாதா?"

"முழிச்சிருந்தாத்தான் சார்ஜ் ஏறும். அணைச்சுட்டுப் போனா திங்கக்கிழமை காலையில பாதி வண்டி பசியோட நிக்கும்."

"கம்பெனிக்குச் சொல்லலையா?"

"மூணு தடவை போன் பண்ணினேன். 'மேடம், எங்க சிஸ்டம் எத்தனையோ இடத்துல ஓடுது, நீங்க ஒருத்தர்தான் இப்படிச் சொல்றீங்க'ன்னாங்க. நான் ஒருத்திதான்னா தப்பு என்கிட்டதானே? மூணு வாரம் படிச்சதுல எதையோ சரியாக் கத்துக்கலன்னு நினைச்சேன். நாலாவது தடவை போன் பண்ண வெக்கமா இருந்துச்சு."

"பதிவேட்டுல எழுதியிருக்கலாமே."

"'தானாக நின்ற தடவைகள்'னுதானே கட்டம் போட்டிருக்கு? தானா எங்க நின்னுச்சு? நான்ல நிறுத்தறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அக்கா, அந்தப் பூஜ்யம் பச்சையோடது இல்ல, உங்களோடது" என்றேன்.

"யாரோடதா இருந்தா என்ன? மருந்து போய்ச் சேர்ந்துச்சுல்ல?"

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. வேறு ஊரிலிருக்கும் தங்கை. அவர் டீ வடிகட்டிக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார். நான் இருப்பது தங்கைக்குத் தெரியாது.

"புதன்கிழமை ஆபரேஷன்னு முடிவாயிடுச்சுக்கா. வயித்துல இருக்கற கட்டியை எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க. வர்றியா?"

"கேட்டுப் பாக்கறேன்டி."

"போன தடவையும் இதான் சொன்னே. நாலு நாள் கூட இருன்னு கேக்கறேன், நாலே நாள். உங்க கம்பெனியில மனுஷங்களே கிடையாதா?"

"லீவு தரமாட்டேங்கறாங்கடி. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் வேணா உங்க மேனேஜர்கிட்ட பேசறேன்."

"வேணாம், வேணாம்."

"சரி. இனிமே கேக்கமாட்டேன்" என்று தங்கை வைத்துவிட்டாள்.

அலுவலகத்துப் பலகையில் யாருக்கு எத்தனை நாள் விடுப்பு மிச்சம் என்று மாதாமாதம் பட்டியல் ஒட்டுவார்கள். அதில் எல்லோரையும்விட அதிக விடுப்பு மிச்சமிருப்பது பச்சைக்காவுக்குத்தான். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"கேட்டாத் தருவாங்க" என்றார் மெதுவாக. "வண்டி தராது."

"சார்கிட்ட சொல்லிடுங்கக்கா."

"சொன்னா பச்சை போயிடும். பச்சை போனா நான் யாரு? என்னை முதன்முதல்ல மேடம்னு கூப்பிட்டவங்க அவங்கதான். என் பேரை அச்சடிச்சு ஒரு தாள்ல குடுத்தவங்க. மறுபடியும் லேபிள் ஒட்டப் போகச் சொல்றியா?"

பெயர் அச்சடித்த முதல் தாள் ஒரு வீட்டுக்குள் வருவது என்னவென்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை நான் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். "பொய் எழுத முடியாதுக்கா" என்றேன்.

"எழுதாதே. ஒரு நாள் மட்டும் குடு, நான் யோசிக்கறேன்."

திங்கட்கிழமை காலை, என்னோடு படித்தவன் ஒருவனுக்குப் போன் செய்தேன். பச்சை ஓடுகிற வேறொரு கிடங்கில் அவன் இருக்கிறான். உங்கள் வண்டிகள் நிற்குமா என்று கேட்டேன்.

"நிக்கவே நிக்காதுடா. எங்க இடத்துல ஒரு பெரியவர் இருக்காரு. காலையில எல்லாரும் டீக்குப் போனதும் நாப்பது வண்டியையும் ஒண்ணொண்ணா அணைச்சு எழுப்புவாரு. ஏதோ வேண்டுதல்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

"கம்பெனிகிட்ட சொல்லலையாமா?"

அவன் கேட்டுச் சொன்னான்.

அதைக் கொண்டுபோய்ப் பச்சைக்காவிடம் சொன்னபோது அவர் ஒரு வண்டியின் சக்கரத்தில் சுற்றியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவர்கிட்டயும், 'நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க'ன்னு சொன்னாங்களாம்க்கா."

"அதே வார்த்தையா?"

"அதே வார்த்தை."

மருந்துப் பெட்டிமேல் யாரும் உட்காரக் கூடாது என்பது எங்கள் கிடங்கின் முதல் விதி. உட்கார்ந்தவர்களை அவரே எத்தனையோ தடவை விரட்டியிருக்கிறார். இப்போது அவரே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ இன்னும் எத்தனை பேரு தம்பி..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

ஒரு மணி அடித்தது. எல்லோரும் போனார்கள். அவர் எழுந்து போய் இருபத்திரண்டு வண்டிகளையும் அணைத்து எழுப்பினார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார். கடைசியில், "அப்போ ஆறு வருஷமா இந்தக் கிடங்கு ஓடினது உங்க சாப்பாட்டு நேரத்துலயா?" என்றார்.

"ஆமா சார்."

"ஏம்மா சொல்லல? நாலு பேரை மாத்தி மாத்திப் போட்டிருப்பேனே!"

பச்சைக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நாலு பேரை மாற்றி மாற்றிப் போடலாம். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட இது அவருக்குத் தோன்றவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. இன்னொருவரிடம் சொன்னால் அது பழுதாகிவிடும்; சொல்லாதவரை அது வெறும் பழக்கம். அதைப் பழுது என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

அன்றைக்கே விடுப்பு கிடைத்தது. எந்த வண்டியை முதலில் அணைப்பது, எதை அவசரப்படுத்தக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். 'பதினொன்று லேட்டாக எழும். பயப்படாதே' என்று கீழே கோடு போட்டிருந்தது.

அந்த நாட்களில் ஒன்று பத்துக்கு நான்தான் மண்டியிட்டேன். இருபது வரை எண்ணும்போது விசிறி ஓய்ந்துவிடும். அந்த இடைவெளியில் சாப்பாட்டு அறைச் சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்கும். மீசைக்காரர் ஏதோ சொல்கிறார், பெண்கள் ஓவென்று சிரிக்கிறார்கள். என்ன சொன்னார் என்பதுதான் கேட்காது. வண்டி எழுந்ததும் விசிறிச் சத்தம் அதையும் மூடிவிடும். அடுத்த வண்டி. மறுபடி பாதிச் சிரிப்பு. இரண்டாவது நாளே எனக்கு யாரிடமாவது எதையாவது பேசவேண்டும் போலிருந்தது. "எந்திரிப்பா, எந்திரி" என்று பதினொன்றாவது வண்டியோடு பேசினேன்.

ஊரிலிருந்து திரும்பி வந்ததும் பச்சைக்கா சொன்னது இது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது நாள், தங்கை எழுந்து உட்கார்ந்தபின், உண்மையைச் சொல்லிவிட்டார். கம்பெனி ஒரு தடவைகூட லீவு மறுத்ததில்லை, கேட்கவே இல்லை என்று.

"என்ன சொன்னாங்கக்கா?"

"'என் ரெண்டாவது புள்ளை பொறந்தப்ப?'ன்னா. ஆமான்னேன். 'அப்பா படுக்கையில கிடந்தப்ப, சாயங்காலம் வந்துட்டு விடியறதுக்குள்ள ஓடினியே, அது?' அதுவும்தான்னேன். 'கல்நெஞ்சக்காரன்னு உங்க மேனேஜரை ஊரெல்லாம் திட்டியிருக்கேனேக்கா, அந்த ஆளுகிட்ட நான் இப்போ மன்னிப்பு கேக்கணுமா?'ன்னா. அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா."

அதற்குப் பிறகு இரண்டு நாள் தங்கை பேசவில்லையாம். ஒன்று பத்துக்கு இவர் கால் தானாக எழுந்து நின்றபோது மட்டும், "எங்க போற? இங்க எதை அணைக்கப் போற?" என்று கேட்டாளாம். கிளம்பும்போது வாசல்வரை வந்தது தங்கையின் கணவர்தான்.

என் அறிக்கையில் பச்சையின் பூஜ்யத்தை அடித்துவிட்டு, நடந்ததை எழுதினேன். மூன்று மாதத்தில் எல்லா வண்டிகளிலும் நீலம் ஏறியது. நீலம் நிற்காது என்றில்லை. நிற்கும், ஆனால் நின்றேன் என்று தானே எழுதிவைக்கும், தானே எழுந்து ஓடும். முதல் மாதக் கணக்கு முப்பத்தொன்று. "பூஜ்யத்தை அனுப்பிட்டு முப்பத்தொண்ணை வரவழைச்சிருக்காரு நம்ம காலேஜு" என்று மீசைக்காரர் எனக்குக் கைதட்டினார். இந்த முப்பத்தொன்றை நம்பலாம் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் ரசிக்கவில்லை.

பச்சைக்காவை லேபிள் ஒட்ட அனுப்பவில்லை. நீலக்காரர்களின் பயிற்சிக்குப் போய் வந்தார். அந்தச் சான்றிதழ் உறையிலேயே இருக்கிறது. நீலத் தொப்பியைக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டார். பச்சைக் கம்பெனியின் பட்டியலிலிருந்து அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது, அந்த வருடமும் ஒரு பச்சைக் குடை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்தவரைப் பார்த்து, "கட்சி மாறியும் கொடியை விடமாட்டேங்கறீங்களே!" என்றார் மீசைக்காரர்.

"மழைக்கு என்னய்யா கட்சி?" என்றார் பச்சைக்கா.

நாற்பது வண்டிக்காரப் பெரியவரின் எண்ணை என்னிடம் கேட்டு வாங்கியிருந்தார். பேசினீர்களா என்று ஒரு நாள் கேட்டேன்.

"பேசினேன். என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியல. 'எத்தனை வண்டி?'ன்னார். 'இருபத்திரண்டு'ன்னேன். 'எனக்கு நாப்பது'ன்னார். 'முழங்கால் வலிக்குதா?'ன்னு கேட்டேன். 'வலிக்குது'ன்னார். அப்புறம் வெச்சுட்டோம்."

இப்போது ஒரு மணி அடித்தால் அவரும் எங்களோடுதான் சாப்பாட்டு அறைக்கு வருகிறார். ஆறு வருடத்தில் யாருக்கு எந்த இடம் என்பது அங்கே கல்லில் செதுக்கியதுபோல் ஆகிவிட்டது. நகர்ந்து உட்காரச் சொல்ல அவருக்குக் கூச்சம். நகர்ந்துகொள்ளலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் தெறிக்கிற கடைசி மேசையில் அவர் உட்காருகிறார். எதிரில் நான். மீசைக்காரரின் நகைச்சுவைகள் இப்போது முழுதாகவே கேட்கின்றன. "இதுக்கா இத்தனை சிரிப்பு?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் தங்கைக்குப் போன் போடுவார். தினமும். பெரும்பாலும் மணி அடித்து அடித்து நின்றுவிடும். மாதக்கணக்கில் இப்படித்தான் போனது.

போன வியாழக்கிழமை தங்கை எடுத்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லடி. சாப்டியான்னு கேக்கத்தான்."

"இன்னும் இல்ல."

பிறகு இரண்டு பக்கமும் பேச்சில்லை. யாரும் வைக்கவும் இல்லை. பச்சைக்கா போனைக் காதிலிருந்து எடுத்து, டப்பா மூடிமேல் சாய்த்து வைத்தார். அந்தப் பக்கத்தில் குழாய் திறக்கிற சத்தம், தட்டு வைக்கிற சத்தம், ஒரு நாற்காலியை இழுக்கிற சத்தம் எல்லாம் கேட்டன. இவர் முதல் வாயை எடுத்தார். நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு மீசைக்காரரின் மேசைக்குப் போய், "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்றேன்.